கண்ணாடிப் பேழையில் கத்திக்கு என்ன வேலை?

நேர்த்தியான மடக்குக் கத்தி ஒன்று கைக்கு வந்து சேர்ந்தால், அதை விரித்து ஒரு மாம்பழத்தைக்கூட நறுக்காமல், எண்ணெய் தடவிப் பட்டு விரித்த பேழைக்குள் வைத்துப் பூட்டிவிடுவதே அறிவுடையவன் செய்யும் காரியம் என்னும் அபிப்பிராயம், கத்தி சேகரிப்பவர்களிடையே ஏறக்குறைய ஒரு சாஸ்திர விதியாகவே நிலைபெற்றுவிட்டது. விதியை மீறுகிறவன் ரசனையற்றவன். அருமை பெருமை தெரியாமல் பொருளைப் பாழாக்குகிறவன். முப்பது ஆண்டுகளாக மடக்குக் கத்திகளைச் சேர்த்து வருகிற நான், அவற்றில் பதினோரு ஆண்டுகள் அந்த விதிக்கு அடங்கி நடந்தேன். அதனால் நேர்ந்த நஷ்டம் இன்னது என்று எனக்குத் தெரியும். ஆகையால், இந்த அபிப்பிராயம் தவறு என்று மாத்திரம் சொல்லி நிறுத்தப்போவதில்லை. எந்தப் பொருளைக் காப்பாற்றுவதாக அது சொல்லிக்கொள்கிறதோ, அந்தப் பொருளுக்கே அது கேடு விளைக்கிறது என்பதைக் காட்டப்போகிறேன்.

எதிர்த் தரப்பின் வாதத்தை ஒன்றும் குறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல கத்தி ஒரு கலைஞனின் கைவேலை. மான்கொம்பிலோ முத்துச்சிப்பியிலோ பிடி இழைத்து, பித்தளைத் தகடு பதித்து, கண்ணுக்குத் தெரியாதபடி ஆணி அடித்து முடித்த அந்த வேலைப்பாட்டை வெங்காயம் நறுக்குவதற்குப் பயன்படுத்துவது கலைக்குச் செய்யும் அவமரியாதை. முதல் வெட்டிலேயே அலகில் கீறல் விழுகிறது. விழுந்த கீறலை மெருகிட்டு மறைக்கலாமே தவிர விழாததாக ஆக்க முடியாது. தீட்டத் தீட்ட இரும்பு தேய்கிறது, தேய்ந்தது திரும்புவதில்லை. உபயோகிக்காத கத்திக்குச் சந்தையில் ஒரு விலையும், உபயோகித்ததற்கு அதில் ஒரு பகுதியுமே கிடைக்கிறது. வேலைக்கு வேண்டுமானால் கடைத்தெருவில் மலிவான கத்திகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தகைய பொருள்களுக்கு நாம் சொந்தக்காரர்கள் அல்லர், காவற்காரர்கள். நமக்குப் பின்வருகிறவர்கள் அவற்றை நாம் பெற்ற நிலையிலேயே பெறவேண்டும்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. கீறல் மீளாது என்பது உண்மை. விலை இறங்கும் என்பதும் உண்மை. அந்த உண்மைகளிலிருந்து அவர்கள் போய்ச் சேருகிற முடிவைத்தான் நான் மறுக்கிறேன்.

1. கண்ணாடி வழியாக எதைப் பார்க்கிறீர்கள்? பிடியைப் பார்க்கிறீர்கள், அலகின் மினுமினுப்பைப் பார்க்கிறீர்கள், முத்திரையைப் பார்க்கிறீர்கள். கத்தி செய்தவனுடைய கலை இவற்றில் இல்லை. அது மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது. மூன்றும் கண்ணுக்கு அகப்படாதவை. முதலாவது, எஃகின் பதம். அலகைச் செந்தழலில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடியைப் போலக் கடினமாகி, கீழே விழுந்தால் ஒடிந்துபோகிற நிலையை அடைகிறது. அதை மறுபடி இளஞ்சூட்டில் வாட்டி, மேற்பரப்பில் வைக்கோல் நிறம் ஓடும் நேரம் பார்த்து நிறுத்துகிறான் கைதேர்ந்தவன். சிறிது பிந்தி, நிறம் நீலத்துக்குப் போய்விட்டால் வாய் மென்மையாகி மடங்கும். இரண்டாவது, முதுகிலிருந்து வாய் வரையில் அலகு எவ்வளவு சீராக மெலிந்து வருகிறது என்பது. மூன்றாவது, பிடியின் முதுகில் இருக்கும் வில்தகடு. அலகை விரிக்கும்போது பாதி வழியில் ஒரு தடுப்பும், முழுவதும் விரிந்ததும் ‘டக்’கென்று ஓர் ஓசையும் எழுகிறதே, அது வில்தகடும் அலகின் அடித்தண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருப்பதற்குச் சாட்சி. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இவற்றைக் கத்தியின் நடை என்றும் பேச்சு என்றும் சொல்வார்கள். பேழைக்குள் இருக்கும் கத்தி நடப்பதுமில்லை, பேசுவதுமில்லை.

பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டு நகரத்துக் கேஸ் நிறுவனம் தன் கத்திகளின் அடித்தண்டில் இரட்டை எக்ஸ் குறி பொறிக்கிறது. அலகு இருமுறை தீயில் புகுந்து தேறியது என்பதன் அடையாளம் அது. செய்தவர்கள் தங்கள் பெருமை எதில் இருக்கிறது என்று எஃகிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குறியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து மகிழ்கிறவர், அது எதைப் பற்றிப் பேசுகிறதோ அதை ஒருநாளும் பரிசோதிக்கப்போவதில்லை என்று விரதம் பூணுவது எவ்வகையில் கலைக்குச் செய்யும் மரியாதை? பதம் சரியாக ஏறிய அலகையும், பதம் தவறிய அலகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் கலைஞனுக்கு மரியாதை நடக்கிறது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2. பூட்டி வைத்தால் கத்தி பத்திரமாக இருக்கும் என்று யார் சொன்னது? இந்த ஆட்சேபத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மற்றவை எல்லாவற்றிலும் எதிர்த் தரப்பார் பிடிவாதமாக நம்புவது இதைத்தான்.

என் தந்தையார் கிருஷ்ணகிரிப் பக்கம் சந்தூரில் மாங்கன்று ஒட்டுக்கட்டும் தொழில் செய்தவர். அவரிடம் ஜெர்மனியின் சோலிங்கன் முத்திரை பொறித்த ஒட்டுக்கத்தி ஒன்று இருந்தது. வாதுமை மரப் பிடி, பித்தளை உள்தகடு, ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய நேர் அலகு. சோலிங்கன் வட்டாரத்தில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக்கூடாது என்று ஜெர்மனியில் 1938 முதலே சட்டம் இருக்கிறது. அவ்வளவு மதிப்பு அந்தப் பெயருக்கு. தந்தையார் அதைத் தினமும் விடியலில் கல்லில் நீர் தெளித்துத் தீட்டுவார். முன்கையில் இரண்டு மயிரைச் சிரைத்துப் பார்த்துவிட்டு மடக்கி இடுப்பில் செருகிக்கொள்வார். ஒட்டுக்கட்டுகிற வெட்டு ஒரே இழுப்பில் முடியவேண்டும், வாய் மழுங்கியிருந்தால் தண்டின் பட்டை நசுங்கும், நசுங்கிய இடத்தில் பட்டைக்கு அடியிலிருக்கும் பசும்படலம் ஒட்டுக்குச்சியின் படலத்தோடு கூடாது, கன்று காய்ந்துவிடும். ஆகவே அந்தக் கத்தியின் கூர்மைதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு.

அவர் காலமான பிறகு, கத்தியைக் கூடத்து அலமாரியில் அவர் படத்தின் கீழே வைத்தோம். “அப்பா கை பட்டது, தம்பி. வெளியே எடுத்துத் தேய்ச்சுடாதே” என்றாள் அக்கா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது; நான் சேர்த்திருந்த வேறு சில கத்திகளையும் அதே கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் அடுக்கினேன். அவற்றுள் ஒன்று, செல்லுலாய்டு பிடி போட்ட பழைய அமெரிக்கக் கத்தி. மஞ்சளும் கறுப்புமாகப் பளிங்குபோல் மின்னும். சென்னையில் ஒரு பழம்பொருள் கடையில் ஆசைப்பட்டு வாங்கியது. பதினோரு ஆண்டுகள் பெட்டி திறக்கப்படவில்லை.

திறந்தபோது முதலில் வந்தது ஒரு புளித்த நெடி. செல்லுலாய்டு பிடி முழுவதும் நுண்ணிய வெடிப்புகள் ஓடி, விரல் பட்டதும் கற்கண்டுபோல் உதிர்ந்தது. நைட்ரோசெல்லுலோசில் கற்பூரம் சேர்த்துச் செய்யும் பொருள் அது. முதுமை அடைந்ததும் அமில ஆவியைக் கக்குகிறது. திறந்த வெளியில் இருந்தால் அந்த ஆவி காற்றோடு போய்விடும். காற்றுப் புகாத அழகிய பெட்டிக்குள் அடைத்துவைத்த நான், அதற்குப் போக்கிடம் இல்லாமல் செய்துவிட்டேன். பக்கத்திலிருந்த அலகுகள் எல்லாம் செம்பழுப்பாகப் புள்ளி விழுந்து கிடந்தன. தோல் உறையோடு வைத்திருந்த ஒன்றில், தோலின் அமிலத்தால் பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு. தந்தையாரின் கத்தியை விரிக்கப் பார்த்தேன்; விரியவில்லை. அடித்தண்டும் வில்தகடும் துருவால் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. பூசிவைத்த எண்ணெய் பிசினாகி, புழுதியைச் சேர்த்துக்கொண்டு மூட்டுக்குள் இறுகியிருந்தது.

தந்தையார் அதே மாதிரிக் கத்தி ஒன்றைத் தம்மிடம் தொழில் கற்ற மேஸ்திரி ஒருவருக்குக் கொடுத்திருந்தார். அவர் இன்றும் ஒட்டுக்கட்டுகிறார். என் கத்தியை அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தம் இடுப்பிலிருந்து தம்முடையதை எடுத்து விரித்தார், ‘டக்’கென்றது. அலகு தேய்ந்து தேய்ந்து அகலத்தில் பாதிதான் மிஞ்சியிருந்தது. பிடி கறுத்து, பெருவிரல் படும் இடத்தில் குழிந்திருந்தது. துரு மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்லை. என்னுடையதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, எண்ணெயைப் போட்டு மூடி வெச்சுட்டீங்களா? தினம் தொடைக்காத கத்தி எப்படி நிக்கும்?” என்றார்.

அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. வேலை செய்கிற கத்தி தினமும் துடைக்கப்படுகிறது; மூட்டு அசைகிறது; எண்ணெய் புதிதாகிறது; கோளாறு தோன்றிய அன்றைக்கே கண்ணில் படுகிறது. கார்பன் எஃகு அலகு எலுமிச்சையையும் மாங்காயையும் அறுத்து அறுத்து, நீலம் கலந்த ஒரு சாம்பல் நிறத்தை அடைகிறது. சேகரிப்பாளர்கள் கறை என்று அஞ்சுகிற அந்த நிறமே செந்துரு எளிதில் ஏறவிடாமல் அலகைக் காக்கிறது. வெள்ளி போல் மெருகிட்டுப் பூட்டிவைத்த அலகுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விருந்தினர் ஒருவர் ஆசையாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால் போதும், அவருடைய விரல் ரேகை வியர்வையின் உப்பால் அலகில் நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறது. நம் கடற்கரைப் பட்டணங்களின் காற்றுக்கு எந்தக் கண்ணாடியும் வேலியாகாது. பெரிய அருங்காட்சியகங்கள் ஈரத்தை அளந்து, பொருளுக்குப் பொருள் பிரித்து, ஆள் வைத்துப் பராமரிக்கின்றன. அவர்களுடைய பேழையை மட்டும் காப்பியடித்து, பராமரிப்பை விட்டுவிட்ட வீட்டுக் காட்சிப் பெட்டி, கத்தியை மெதுவாகக் கொல்லும் ஏற்பாடாகவே முடிகிறது.

3. விலையைப் பற்றிய வாதம் தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முந்திய, ஒருமுறையும் தீட்டப்படாத கத்திக்கு ஏன் அவ்வளவு விலை? அது அபூர்வம் என்பதால். ஏன் அபூர்வம்? அன்று வாங்கிய குடியானவனும் குமாஸ்தாவும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள் என்பதால். அவர்கள் தேய்த்துத் தீர்த்ததுதான் எஞ்சியதற்கு விலையைக் கொடுத்தது. 1970-ல் கேஸ் நிறுவனம் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் பொறிக்கத் தொடங்கி, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தது. கத்தி பிறந்த ஆண்டை அறிவதற்கு நல்ல உபாயம். ஆனால் புள்ளிகளை எண்ணி எண்ணி வாங்கிப் பெட்டியோடு பூட்டிவைக்கிற வழக்கமும் அதையொட்டி வளர்ந்தது. இன்றைக்கு ‘இத்தனை மட்டுமே’ என்று எண் பொறித்து வருகிற கத்தியை வாங்குகிற ஒவ்வொருவரும் அதைத் தொடாமல் வைத்திருந்தால், ஐம்பது ஆண்டு கழித்து எல்லாமே தொடாத கத்திகளாகக் கிடைக்கும். எல்லாரிடமும் இருக்கிற ஒன்று எப்படி அபூர்வமாகும்? லாபம் வேண்டுகிறவர் நிலம் வாங்கட்டும், தங்கம் வாங்கட்டும். அவற்றுக்குத் துரு ஏறாது.

4. மலிவான கத்தி இருக்கும்போது நல்ல கத்தியை ஏன் உழைக்க வைக்க வேண்டும் என்பது சாமர்த்தியமாகத் தோன்றுகிற கேள்வி. மோசமான கருவியோடு வாழ்நாளைக் கழித்துவிட்டு, நல்ல கருவியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிரு என்பதே அதன் பொருள். மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். அழுத்தும்போதுதான் கை வழுக்குகிறது. இதற்குமேல் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

5. காட்சிக்கென்றே கத்தி செய்தவர்கள் உண்டே என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தைக் காட்டுகிறார்கள். உண்டு. நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் முத்திரையாகக் கொண்ட ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822-ஆம் ஆண்டில், ஆண்டின் எண்ணுக்கு நிகராக 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்தது. பின்னர் காலம் செல்லச் செல்ல அலகுகளைக் கூட்டியும் வந்தது. 1851-ல் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்காக அதே நிறுவனம் செய்த நார்ஃபோக் கத்திக்கு 75 அலகுகள். இன்று ஷெஃபீல்டில் கத்திக் கொல்லர் மன்றத்தின் மண்டபத்தில் இருக்கிறது. இவற்றைப் பேழையில் வைப்பதுதான் முறை. ஒரு கையில் பிடிக்க முடியாத கத்தியை வேறு என்ன செய்வது? ஆனால் ராட்ஜர்ஸ் பட்டறை இவற்றை எதற்காகச் செய்தது என்று யோசிக்க வேண்டும். மண்டபத்தில் நின்ற அந்த ஒற்றைக் கத்தி, எழுத்தரின் பையிலும் மாலுமியின் இடுப்பிலும் உழைத்த ஆயிரமாயிரம் கத்திகளுக்கு விளம்பரப் பலகை. பலகையைக் காட்டி, கடையிலுள்ள சரக்கு எல்லாம் பலகையாகவே இருக்கவேண்டும் என்று வாதிப்பது எப்படிப் பொருந்தும்?

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஏட்டில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு முனையில் ஓலையை வாரவும் நறுக்கவும் சிறு கத்தி, மறுமுனையில் எழுத்தாணி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். அதுவே நம்முடைய மடக்குக் கத்தி. இன்று அது அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இருப்பதே நியாயம். ஏன்? ஓலை போய்விட்டது, எழுதும் கை போய்விட்டது, கருவிக்கு வேலை இல்லாமல் போன பிறகே அது காட்சிப் பொருளாயிற்று. ஆனால் கயிறும் பழமும் தபால் உறையும் பென்சிலும் மாங்கன்றும் நம்மைவிட்டுப் போய்விடவில்லை. வேலை இருக்கும்போதே கருவியைப் பேழையில் வைப்பது, உயிரோடிருப்பவன் படத்துக்கு மாலை போடுவது போன்ற காரியம்.

6. அழகைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். அழகு எங்கிருந்து பிறந்தது என்று கேட்பதில்லை. பிரான்சின் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஓபினெல் என்பவர் 1890-ல் ஒரு குடியானவர் கத்தியைச் செய்தார்: ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு மரப்பிடி. 1897-ல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை அளவுக்கு எண்ணிட்டார்கள். 1955-ல், விரித்த அலகு தானாக மடங்கி விரலை அறுக்காதபடி கழுத்தில் ஒரு திருகு வளையம் சேர்த்தார்கள். அவ்வளவுதான். 1985-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் மிக அழகிய நூறு பொருள்களில் ஒன்றாக அதைக் கொண்டாடியது. அந்த அழகை யாரும் வரைந்து சேர்க்கவில்லை. பிடியின் வயிறு புடைத்திருப்பது உள்ளங்கை நிறைவதற்காக. வால் வளைந்திருப்பது கை நழுவாமலிருப்பதற்காக. அருங்காட்சியகம் போற்றுகிற அதே கத்தியால் சவாயில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இன்றைக்கும் அறுக்கிறார்கள். அதனால் அதன் அழகு குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

7. காவற்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் கேட்கிறேன்: எதற்குக் காவல்? பொருளுக்கா, அதைச் செய்யும் வித்தைக்கா? ஜப்பானில் ஹியோகோ மாகாணத்து மிக்கி என்னும் ஊரில், 1890-களில் ஹிகோநோகாமி என்னும் மடக்குக் கத்தி தோன்றியது. மடித்த பித்தளைத் தகடோ இரும்புத் தகடோதான் பிடி. பூட்டு இல்லை, வில்தகடு இல்லை. அலகின் வாலை நீட்டி விட்டிருக்கும் சிறு நெம்புகோலைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதனால்தான் பென்சில் சீவினார்கள். விரல் தளர்ந்தால் அலகு மடங்கிவிடும் என்பதால், கத்தியைப் பிடிக்கக் கற்றபோதே சிரத்தையையும் கற்றார்கள். 1960 அக்டோபரில் டோக்கியோ மேடையொன்றில் அரசியல் தலைவர் இனெஜிரோ அசனுமா பதினேழு வயது இளைஞன் ஒருவனால் வாளால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியது மடக்குக் கத்தி இல்லை. ஆயினும் பிள்ளைகள் கையில் கத்தியே வேண்டாம் என்னும் இயக்கம் நாடெங்கும் பரவியது. பென்சில் சீவும் இயந்திரமும் வந்துவிட்டது. கத்தி பையிலிருந்து போயிற்று. பின்னாலேயே பட்டறைகள் போயின. இன்று அந்தப் பெயரை முறைப்படி பொறிக்கும் உரிமையோடு மிக்கியில் எஞ்சியிருப்பது நாகாவோ கானேகோமா என்னும் ஒரே பட்டறை.

இதை வாசிக்கிற சேகரிப்பாளர் ஒருவர், ‘அதனால்தான் நாங்கள் பூட்டிவைத்துக் காக்கிறோம்’ என்று சொல்லக்கூடும். பூட்டிவைப்பவன் வாழ்நாளில் ஒருமுறை வாங்குகிறான். தேய்க்கிறவன் மறுபடி வருகிறான். மகனுக்கு ஒன்று கேட்கிறான். வில்தகடு தளர்ந்துவிட்டது, வாய் சீக்கிரம் மழுங்குகிறது என்று குறை சொல்கிறான். அந்தக் குறையைக் கேட்டுத்தான் பட்டறையில் அடுத்த கத்தி திருந்துகிறது. குறை சொல்ல ஆளில்லாத பட்டறையில் பதத்தைப் பற்றிக் கவலைப்படுவார் இல்லை. பிடிக்கு முத்துச்சிப்பி பதித்தால் போதும் என்றாகிவிடுகிறது. நூறு கத்திகளைப் பேழையில் காப்பாற்றி, நூற்றோராவது கத்தியைச் சரியாகச் செய்யத் தெரிந்த கையை இழந்துவிட்டால், அது என்ன காவல்?

இனி, எனக்கு எதிராக நியாயமாகச் சொல்லத் தக்கவற்றை நானே சொல்லிவிடுகிறேன். கத்தியைத் தகர டப்பாவின் மூடியை நெம்பவும், திருகாணி முடுக்கவும் எடுத்து, முனையை ஒடித்துவிடுகிறவர்கள் உண்டு. தெருச் சாணைச் சக்கரத்தில் கொடுத்துப் பொறி பறக்கத் தேய்த்து, வாய் சூடேறி நீலம் பாய்ந்து, கொல்லன் ஏற்றிய பதம் முழுவதையும் ஒரு நிமிஷத்தில் இழக்கிறவர்கள் அதைவிட அதிகம். சேகரிப்பாளர்களின் அச்சம் இவர்களைப் பார்த்து எழுந்ததானால் அந்த அச்சத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அது துர்ப்பிரயோகத்துக்கு எதிரான வாதமே ஒழிய, பிரயோகத்துக்கு எதிரானதாகாது. நுண்ணிய கல்லில் நீர் தெளித்துக் கையால் தீட்டினால், ஒரு மனிதன் ஆயுளில் ஒரு நல்ல அலகைத் தீர்ப்பது சாதாரணமாக நடக்கிற காரியமன்று. நாள்தோறும் நூறு கன்று வெட்டுகிற மேஸ்திரியின் கத்தியிலேயே இன்னும் பாதி மிஞ்சியிருக்கிறது. அழிந்துபோன வேலைமுறைக்குக் கடைசிச் சாட்சியாக நிற்கும் கத்தியையும், தீட்டினால் சரித்திரத் தடயம் மறைந்துவிடும் கத்தியையும் நான் தொடச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவை மிகச் சில. அவற்றின் பெயரால் மற்ற அனைத்தையும் சிறையிலிடுவதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

கருவியை மரியாதையோடு காட்சிக்கு வைப்பது எப்படி என்பதை நம் வீடுகளில் யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயுத பூஜையன்று அரிவாளும் கத்தியும் உளியும் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கொலுவிருக்கின்றன. அன்று அவற்றை யாரும் வேலைக்குத் தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமி, எல்லாம் கைக்குத் திரும்பிவிடுகின்றன. எண்ணெய் பூசி எடுத்துவைக்கும் சிரத்தையும், எடுத்து உழைக்கும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகை என்று அந்தச் சம்பிரதாயத்தை ஏற்படுத்தியவர்கள் நினைக்கவில்லை. ஆண்டு முழுவதும் கொலு வைத்திருக்கவும் அவர்கள் சொல்லவில்லை.

பேழையில் கத்தி வைத்திருக்கும் வாசகரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றிரவே அதை வெளியில் எடுங்கள். மூட்டில் பழைய எண்ணெய் இறுகியிருந்தால் துடைத்து, ஒரு சொட்டுப் புதிதாக விடுங்கள். செல்லுலாய்டு பிடி இருந்தால் அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துக் காற்றாட வையுங்கள். பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பாருங்கள், அறுத்ததும் துடைத்துவிடுங்கள். நீங்கள் எதை வாங்கினீர்கள் என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

தந்தையாரின் கத்தியை மேஸ்திரி இரண்டு இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூட்டை விடுவித்து, துருவை நீக்கிக் கல்லில் தீட்டிக் கொடுத்தார். அலகில் துரு தின்ற குழிகள் சில போகவே இல்லை. பதினோரு ஆண்டுக் காட்சிக்கு நான் கொடுத்த விலை அது. சென்ற ஆடியில் அந்தக் கத்தியால் 40 மா ஒட்டுகள் கட்டினேன். 31 துளிர்த்திருக்கின்றன.